சோபே, லுவாங்வா, ஜாம்பேசி: எந்த ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுப்பது?

ஆப்பிரிக்காவில் ஆற்றை ஒட்டிய கானுயிர்ப் பயணம் ஒன்றுக்குத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் எந்த நாட்டுக்குப் போவது என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. ஆற்றை எங்கிருந்து பார்க்கப் போகிறோம்? நிழற்கூரை போட்ட மோட்டார் படகிலிருந்தா, துடுப்புப் போடும் சிறு கனோவிலிருந்தா, அல்லது கரையோரம் காலால் நடந்தா? இதற்கு விடை கிடைத்துவிட்டால் நாடும் மாதமும் செலவும் ஏறக்குறைய தாமாகவே வரிசைக்கு வந்துவிடும். படகு என்றால் போட்ஸ்வானாவின் சோபே, நடை என்றால் ஜாம்பியாவின் லுவாங்வா, கனோ என்றால் ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவே ஓடும் கீழ் ஜாம்பேசி என்பது என் கணிப்பு. இந்த மூன்றையும்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

இவை மூன்றும் ஒரே நீர்க்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் ஓடி இந்தியப் பெருங்கடலில் கலக்கும் ஜாம்பேசியில், கசுங்குலா என்ற இடத்தில் சோபேயும், அங்கிருந்து வெகுதூரம் கீழே, ஜாம்பியா, ஜிம்பாப்வே, மொசாம்பிக் ஆகிய மூன்று நாடுகளும் சந்திக்கும் முனையில் லுவாங்வாவும் வந்து சேர்கின்றன. கென்யாவின் மாரா ஆற்றை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அங்கே மக்கள் காணப் போவது காட்டுமாட்டு மந்தைகள் ஆற்றைக் கடக்கும் சில நிமிடங்களை; ஆற்றோடு நாள் முழுவதும் இருப்பது அந்தப் பயணத்தின் நோக்கமன்று. தான்சானியாவின் ருஃபிஜி ஆறு இந்தப் பட்டியலில் இருக்கத் தகுந்ததுதான். ஆனால் அதன் குறுக்கே ஸ்டீக்லர் பள்ளத்தாக்கில் கட்டப்பட்ட 2,115 மெகாவாட் நீர்மின் அணை 2024இல் மின் உற்பத்தியைத் தொடங்கியிருக்கிறது. அணைக்குக் கீழே ஆற்றின் போக்கு எப்படி மாறப்போகிறது என்பது தெளிவாகும் வரை, வாழ்நாளில் ஒருமுறை போகிறவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

மாதத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது மூன்றுக்கும் பொது. இந்தப் பகுதியில் மழை நவம்பர் முதல் ஏப்ரல் வரை பெய்கிறது. மழைக்காலத்தில் காட்டுக்குள் ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் நிற்பதால் விலங்குகள் ஆற்றைத் தேடி வர வேண்டிய அவசியமே இல்லை. மே மாதத்துக்குப் பிறகு உட்காட்டுக் குட்டைகள் ஒவ்வொன்றாக வற்ற, யானையும் எருமையும் மானும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றங்கரைக்கு நகர்கின்றன. அவற்றின் பின்னாலேயே சிங்கமும் சிறுத்தையும் வருகின்றன. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் ஆகிய மூன்று மாதங்களிலும் காட்சிகள் உச்சத்தில் இருக்கும். ஆனால் அக்டோபரில் ஜாம்பேசி, லுவாங்வா பள்ளத்தாக்குகளில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும், தாண்டவும் செய்யும். வெயில் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆகஸ்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஜூன், ஜூலை மாதங்களின் விடியற்காலைகளில், திறந்த ஜீப்பில் உட்கார்ந்தால் கம்பளி இல்லாமல் முடியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சோபேயில் தொடங்குகிறேன். அங்கோலாவின் மேட்டு நிலத்தில் குவாண்டோ என்ற பெயரில் பிறக்கும் இந்த ஆறு, வழியில் லின்யாண்டி என்று பெயர் மாறி, கடைசி நீட்சியில்தான் சோபே ஆகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஜாம்பேசியில் வெள்ளம் உயரும்போது, கசுங்குலாவில் அந்த நீர் சோபேக்குள் புகுந்து ஆற்றையே பின்னோக்கித் தள்ளிவிடும். அப்போது எதிர்க்கரையான நமீபியப் பக்கத்து வெள்ளச் சமவெளி ஏரிபோல் விரிந்து கிடக்கும். வெள்ளம் வடிந்ததும் அதே நிலத்தில் பச்சைப் புல் தலை நீட்ட, மறுபக்கம் காய்ந்து கிடக்கும் காட்டிலிருந்து யானைகள் அந்தப் புல்லுக்காக ஆற்றைக் கடக்கத் தொடங்குகின்றன. ஆற்றின் நடுவே உள்ள செடுடு தீவு இதற்குப் பேர்போனது. நமீபியர்கள் கசிகிலி என்று அழைக்கும் இந்தத் தீவுக்காக இரண்டு நாடுகளும் வழக்காடி, 1999 டிசம்பரில் பன்னாட்டு நீதிமன்றம் அதைப் போட்ஸ்வானாவுக்கு உரியது என்று தீர்ப்பளித்தது. யானைகளுக்கு அந்தத் தீர்ப்பு பொருட்டில்லை. அவை இரு கரைக்கும் போய் வருகின்றன.

படகின் பெருமை இங்கேதான் தெரிகிறது. ஜீப்பில் இருப்பவர் யானையை மேலிருந்தோ சம உயரத்திலிருந்தோ பார்க்கிறார். படகில் இருப்பவர் தண்ணீர் மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்க்கிறார். தாய் முன்னே இறங்க, நடுவில் குட்டிகள், பின்னால் அத்தைமாரும் அக்காமாரும் என்று ஒரு குடும்பமே நீரில் இறங்கும்போது, சற்று நேரத்தில் குட்டிகளின் உடல் முழுவதும் மறைந்து, மூச்சுக்காக உயர்த்திய தும்பிக்கை நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். மறுகரை ஏறும்போது பெரிய யானைகளின் வயிற்றில் நனைந்த கருமையும் நனையாத சாம்பல் நிறமும் கோடு போட்டாற்போல் பிரிந்திருக்கும். அந்தக் கோட்டின் உயரத்தைப் பார்த்தே ஆழத்தைக் கணித்துவிடலாம். படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டால், ஈரப் பாதங்கள் சேற்றிலிருந்து விடுபடும் ஓசைகூடக் கேட்கும்.

எண்ணிக்கையிலும் சோபேக்கு இணை சொல்வது கடினம். ஐந்து நாடுகளுக்குப் பொதுவான கவாங்கோ–ஜாம்பேசி பாதுகாப்புப் பரப்பில் 2022இல் நடந்த வான்வழிக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2,28,000 யானைகள் கணக்கிடப்பட்டன. அவற்றில் சுமார் 1,32,000 போட்ஸ்வானாவில் இருந்தன. உலர்காலத்தில் சோபேயின் கரையில் ஒரே மாலையில் நூற்றுக்கணக்கான யானைகளைக் காண்பது வியப்புக்குரிய செய்தியே அல்ல. நீர்யானை, நைல் முதலை, எருமை மந்தை, மீன்கழுகு எல்லாம் படகுப் பாதையிலேயே கிடைத்துவிடும்.

குறை என்னவென்றால், கூட்டம். சோபேயின் கரையில் உள்ள காசானே நகரத்துக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நேரடி விமானம் உண்டு. விக்டோரியா அருவி ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணிகளும் ஏராளம். செப்டம்பர் மாலைகளில் யானைக் கூட்டம் ஒன்று ஆற்றில் இறங்கினால் பத்துப் பதினைந்து படகுகள் அரைவட்டம் கட்டிவிடுவதுண்டு. கடக்க வந்த யானைகள் தயங்கித் திரும்பிப் போகும் நிலையும் ஏற்படும். இதைச் சுற்றுலாவின் இயல்பு என்று விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நம் படகோட்டியிடம் தொடக்கத்திலேயே, அருகில் போகாவிட்டாலும் பரவாயில்லை, அவற்றின் வழியை மறிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு ஒதுங்கி நிற்பார்கள். பயணிகள் கேட்கிறார்களே என்பதற்காகத்தான் பலர் நெருங்குகிறார்கள். சோபே தேசியப் பூங்காவுக்குள் இரவு ஜீப் பயணம் கிடையாது, வண்டி பாதையைவிட்டு இறங்கவும் கூடாது. ஆகவே சோபேக்குப் போகிறவர்கள் ஒரு நாள் பயணத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் மூன்று இரவுகளாவது தங்கி, ஜீப் பயணத்தை விடியற்காலைக்கும் படகை இருவேளைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். காலைப் படகில் கூட்டம் குறைவு. பலர் இதைத் தவறவிடுகிறார்கள். நமீபியக் கரையில் கட்டி நிறுத்தப்படும் வீட்டுப் படகுகளில் தங்குவதும் ஒரு நல்ல வழி; ஆனால் அதற்குக் குடிவரவு முத்திரை போட்டு எல்லை தாண்ட வேண்டும் என்பதால் விசா விவரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

லுவாங்வா முற்றிலும் வேறு வகை. ஜாம்பியாவின் வடகிழக்கு மூலையில் உள்ள மஃபிங்கா குன்றுகளில் பிறந்து தெற்கே இறங்கும் இந்த ஆற்றின் குறுக்கே பெரிய அணை எதுவும் இல்லை. மழைக்கு மழை கரை புரண்டு, பழைய வளைவுகளை வெட்டிவிட்டுப் புதுவழி தேடுவதால், கைவிடப்பட்ட வளைவுகள் குதிரை லாட வடிவக் குட்டைகளாகப் பக்கத்திலேயே கிடக்கின்றன. தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவின் 9,050 சதுர கிலோமீட்டரில் உயிர் அடர்ந்திருப்பது இந்தக் குட்டைகளைச் சுற்றித்தான். உலர்காலத்தின் முடிவில் ஆறு சுருங்கச் சுருங்க, நீர்யானைகள் எஞ்சிய மடுக்களில் முதுகோடு முதுகு உரச நெருக்கியடித்துக் கிடக்கும். பூங்காவின் நுழைவாயிலான ம்ஃபுவே பாலத்தின் மேல் நின்றாலே நீர்யானைகளும் முதலைகளும் கண்ணில் படும்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. ஆற்றுப் பயணம் என்று கேட்டதும் படகை எதிர்பார்த்துச் செப்டம்பரில் லுவாங்வாவுக்குப் பதிவு செய்துவிட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. அந்த மாதத்தில் ஆற்றில் படகு ஓட நீர் போதாது. படகுப் பயணம் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வெள்ளக் காலத்தில்தான் நடக்கிறது. அப்போது காடு பசுமை போர்த்தியிருக்கும், பறவைகள் மிகுதி, கட்டணமும் குறைவு. ஆனால் பல உட்காட்டு முகாம்கள் மூடியிருக்கும், விலங்குகளும் சிதறியிருக்கும். உலர்கால லுவாங்வா என்பது நடைக்கும் இரவுப் பயணத்துக்கும் உரிய இடம்.

நடைச் சஃபாரி என்ற வழக்கமே இந்தப் பள்ளத்தாக்கில்தான் வேர் பிடித்தது. கானுயிர்த் துறையில் பணியாற்றிய நார்மன் கார், 1950இல் இங்குள்ள ந்செஃபு என்ற குலத்தலைவரின் ஒப்புதலோடு, அந்த மக்களின் நிலத்திலேயே, வருமானம் அவர்களுக்குப் போய்ச் சேரும்படியாக ஒரு முகாமைத் தொடங்கினார். துப்பாக்கியால் சுடுவதற்குப் பதிலாகப் பார்ப்பதற்காகவே மக்கள் காட்டுக்குள் நடக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. இன்றும் ஆயுதம் ஏந்திய வனக்காவலர் ஒருவர் முன்னே நடக்க, அடுத்து வழிகாட்டி, அவர் பின்னால் பயணிகள் என்று ஒற்றை வரிசையாகத்தான் போக வேண்டும். பேச்சு கிடையாது. வழிகாட்டி அவ்வப்போது குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி விரலிடுக்கில் உதிர்த்து, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். நம் வாடை யானைக்குப் போய்ச் சேராத திசையில்தான் அடுத்த அடி. அவர் நின்று காட்டுபவை பெரும்பாலும் சின்னஞ்சிறியவை: யானையின் வட்டமான முன்தடத்தையும் சற்று நீண்ட பின்தடத்தையும் பிரித்துக் காட்டுவார், அந்தத் தடத்தின் மேல் இரவில் ஓடிய வண்டின் கோட்டை வைத்து யானை எப்போது போனது என்று சொல்வார். மூன்று மணி நேரத்தில் நான்கு கிலோமீட்டர்கூட நடக்காமல் திரும்பலாம். ஆனால் காட்டைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு இதைப்போல் வேறொன்று இல்லை என்பதால், உடல் ஒத்துழைக்கும் எவருக்கும் நான் லுவாங்வாவைத்தான் முதலில் சொல்வேன்.

உடல் ஒத்துழைக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இங்கே பல இடங்களில் கரிசல் மண். மழைக்காலத்தில் அதில் நடந்த யானைகளின் கால்கள் ஓரடி ஆழத்துக்குப் பதிந்த குழிகள், உலர்காலத்தில் கல்லாக இறுகி நிற்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தத் தரை பெரும் சோதனை. பெரும்பாலான முகாம்கள் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நடைக்கு அழைத்துச் செல்வதும் இல்லை. இத்தகைய குடும்பங்கள் ம்ஃபுவேயை ஒட்டிய லாட்ஜில் தங்கி ஜீப்பில் போய்வரலாம். அப்போதும் லுவாங்வாவுக்கே உரிய இரவுப் பயணம் கைகூடும். மாலையில் கிளம்பி எட்டு மணிக்குள் வாயிலைக் கடந்துவிட வேண்டிய இந்தப் பயணத்தில், சிறுத்தையைக் காணும் வாய்ப்பு ஆப்பிரிக்காவிலேயே மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. ஆகஸ்ட், செப்டம்பரில் சிவகுண்டல மரங்கள் பூக்கும். நம் ஊர்க் கோயில் வளாகங்களிலும் பூங்காக்களிலும் நீண்ட காய்களோடு தொங்குவது இதே ஆப்பிரிக்க மரந்தான். உதிர்ந்த அந்தக் கருஞ்சிவப்புப் பூக்களைத் தின்ன இம்பாலாவும் புக்கு மான்களும் மரத்தடிக்கு வருவது சிறுத்தைக்கும் தெரியும் என்பதால், அந்த நாட்களில் வழிகாட்டிகள் அடிமரத்தைவிடக் கிளைகளையே அதிகம் துழாவுகிறார்கள்.

செப்டம்பர், அக்டோபரில் போகிறவர்களுக்கு இன்னொரு காட்சி காத்திருக்கிறது. ஆறு அறுத்துவிட்ட செங்குத்தான மண்கரையில் சிவப்புப் பஞ்சுருட்டான்கள் நூற்றுக்கணக்கில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கின்றன. முன்கழுத்தும் முதுகும் குங்குமச் சிவப்பு, உச்சந்தலை நீலப்பச்சை. மீன்கழுகு ஒன்று மேலே நிழலாடினால் கரையே பிய்த்துக்கொண்டு பறப்பதுபோல் மொத்தக் கூட்டமும் எழும்பும். பழைய கரையை வெள்ளம் தின்றுவிடுவதால் புதிய கரையில் புதிய வளைகளைத் தோண்ட வேண்டியிருக்கிறது. அணையில்லாத ஆறு ஒன்று தன் கரையை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டிருப்பதன் பயனை இந்தப் பறவைகளிடம் பார்க்கலாம்.

அணை உள்ள ஆறு எப்படி இருக்கும் என்பதற்குக் கீழ் ஜாம்பேசி எடுத்துக்காட்டு. 1959இல் கட்டி முடிக்கப்பட்ட கரிபா அணைக்குக் கீழே, தெற்குக் கரையில் ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் தேசியப் பூங்காவும் வடக்குக் கரையில் ஜாம்பியாவின் கீழ் ஜாம்பேசி தேசியப் பூங்காவும் எதிரெதிரே கிடக்கின்றன. வெள்ளத்தின் பழைய ஏற்ற இறக்கத்தை அணை கட்டுப்படுத்திவிட்டாலும், அகன்ற ஆறும் தீவுகளும் பின்னால் எழும் மலைச்சரிவும் சேர்ந்து, அழகில் மூன்றுள் இதுவே முதல் என்று சொல்ல வைக்கின்றன. ஷோனா மொழியில் மானா என்றால் நான்கு. பழைய ஆற்றுவழியில் எஞ்சிய நான்கு குட்டைகளைக் குறிக்கும் பெயர் அது. சாப்பி, செவோரே சரணாலயங்களோடு சேர்த்து 1984இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

இங்கு கனோவே சிறப்பு. மூன்று நான்கு நாட்கள் ஆற்றோடு மிதந்து, மணல் தீவுகளில் கூடாரம் அடித்துத் தங்கும் பயணங்கள் உண்டு. ஓரிரு மணி நேரப் பயணங்களும் உண்டு. இயந்திர ஓசை இல்லாததால் கரையில் நீர் அருந்தும் எருமை தலை தூக்குவதுகூட இல்லை. ஆனால் ஆபத்து உண்மையானது. நீர்யானை மிரண்டால் ஆழத்தை நோக்கித்தான் பாயும், அதற்கும் ஆழத்துக்கும் நடுவே கனோ இருந்துவிடக் கூடாது. அதனால்தான் வழிகாட்டி கரையோர ஆழமற்ற நீரிலேயே ஓட்டி, துடுப்பால் கனோவின் பக்கத்தைத் தட்டித் தட்டி நம் வரவை முன்கூட்டியே அறிவித்துக்கொண்டு போகிறார். அவர் சொல்வதை அந்தக் கணமே செய்ய இயலாதவர், நீரைக் கண்டு பதறுகிறவர், சிறு பிள்ளைகள் ஆகியோருக்கு இது ஏற்றதன்று. வழிகாட்டியின் உரிமத்தையும் அனுபவத்தையும் கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஜிம்பாப்வேயின் தொழில்முறை வழிகாட்டித் தேர்வு கடினமானது என்று பெயர் பெற்றது.

கரையில் அனா மரங்கள் நிற்கின்றன. மற்ற மரங்கள் தளிர்க்கும் மழைக்காலத்தில் இலை உதிர்த்து, எல்லாம் காய்ந்து நிற்கும் உலர்காலத்தில் பச்சை பிடித்து நிற்பது இவற்றின் இயல்பு. பசி மிகுந்த மாதங்களில் இவற்றின் சுருண்ட நெற்றுகள் உதிர்வதால் யானைகள் இந்த நிழலைவிட்டு அகலுவதில்லை. மானாவின் சில ஆண் யானைகள் பின்னங்கால்களில் எழுந்து நின்று, எட்டாத கிளையைத் தும்பிக்கையால் வளைக்கப் பழகியிருக்கின்றன. மலைச்சரிவை நெருங்கினால் பெருக்கமரங்கள் தென்படும். மன்னாரிலும் ராமநாதபுரத்திலும் அந்த மரத்தைப் பார்த்தவர்களுக்கு, அதைக் காடாகப் பார்ப்பது தனி அனுபவமாக இருக்கும். ஆப்பிரிக்கக் காட்டுநாய்களைத் தேடுகிறவர்களுக்கும் மானா நல்ல இடம். ஒட்டகச்சிவிங்கி மட்டும் இரு கரையிலும் கிடையாது. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை முன்பே அறிந்திருப்பது நல்லது.

போக்குவரத்திலும் செலவிலும் இது மூன்றுள் கடினமானது. ஜாம்பியக் கரைக்கு அந்நாட்டுத் தலைநகர் லுசாகாவிலிருந்து சிறு விமானத்தில் போகலாம், அங்கே மோட்டார் படகும் இரவுப் பயணமும் கிடைக்கும். ஆனால் பெரும்பாலானவை எல்லாம் உள்ளடங்கிய விலை உயர்ந்த லாட்ஜுகள். மானாவுக்கு ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயிலிருந்து தரைவழியாகப் போவதென்றால் கடைசிப் பகுதி கரடுமுரடான மண் சாலை. நான்கு சக்கர இயக்க வண்டி வேண்டும். உணவும் எரிபொருளும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை சோபேயிலும் லுவாங்வாவிலும் கூடாரத் திடல் முதல் சொகுசு லாட்ஜ் வரை எல்லாப் படிகளும் உண்டு. உட்காட்டு முகாம்களின் விலை அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: லுவாங்வாவின் பல முகாம்கள் மூங்கிலாலும் புல்லாலும் ஆண்டுதோறும் புதிதாகக் கட்டப்பட்டு, மழைக்கு முன் பிரிக்கப்படுகின்றன. சிறு விமானங்களில் சுமார் 15 கிலோ எடையுள்ள மெத்தென்ற பைகளையே ஏற்பார்கள். மூன்று இடங்களும் மலேரியாப் பகுதிகள். மருத்துவரைக் கலந்து தடுப்பு மருந்தை முன்கூட்டியே தொடங்க வேண்டும். ஜாம்பேசி, லுவாங்வா பள்ளத்தாக்குகளில் கடிக்கும் செட்சி ஈக்கள் கருநீலத்தையும் கறுப்பையும் தேடி வருவதால் காக்கி அல்லது மண்நிற உடையே பொருத்தம். காண்டாமிருகத்தை இந்த மூன்று கரைகளிலும் எதிர்பார்க்க வேண்டாம். லுவாங்வா பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கில் இருந்த கருங்காண்டாமிருகங்களைக் கள்ள வேட்டை முற்றாக அழித்தது. 2003 முதல் வடக்கு லுவாங்வாவில் மட்டும் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டிருக்கின்றன. காண வேண்டும் என்ற ஆசை இருந்தால், விக்டோரியா அருவிக்குப் போகும்போது, ஜாம்பியப் பக்கத்து மோசி-ஓவா-துன்யா பூங்காவில் காவலர்களோடு நடந்து வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பார்க்கலாம்.

ஆகவே பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு முதல்முறை போகிறவர்கள் சோபேயில் மூன்று இரவுகளும் அருவியில் இரண்டு இரவுகளும் வைத்துக்கொள்ளலாம். நன்றாக நடக்கக்கூடிய இருவர், ஒரே ஒரு பயணத்துக்குத்தான் பணமும் விடுப்பும் இருக்கிறது என்றால், செப்டம்பரில் லுவாங்வாவில் ஆறு இரவுகள், அவற்றுள் குறைந்தது மூன்று இரவுகள் உட்காட்டு முகாமில். ஏற்கெனவே ஆப்பிரிக்கக் காட்டில் பழகியவர்கள், நீரில் பதற்றம் இல்லாதவர்கள் கீழ் ஜாம்பேசிக்குப் போகலாம். பத்து நாட்கள் இருந்தால் லுவாங்வாவையும் கீழ் ஜாம்பேசியையும் லுசாகா வழியாக இணைக்கலாம். அப்படிச் செய்தால் நடையை முதலிலும் கனோவைப் பின்னரும் வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் திசையையும் விலங்கின் காதசைவையும் கரையில் பழகிய கண், கனோவில் உட்காரும்போது வழிகாட்டி ஏன் தட்டுகிறார், ஏன் நிற்கிறார் என்பதைச் சொல்லாமலே புரிந்துகொள்ளும்.